உறைந்த ஏரியில் தூண்டில்: சிம்கோவிலிருந்து நிப்பிசிங் வரை

ஜனவரி 21, இரவு: ஜக்சன்ஸ் பொயின்ற்

வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி எங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எங்கள் காலைத்தான் பார்த்தார். "நாளைக்கு ஐஸ் மேல் போகிறீர்களா? அந்தச் சப்பாத்துக்குள் இருக்கும் உறை தனியாகக் கழருமா?" கழரும் என்றோம். அதன் பிறகுதான் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார்.

ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில், தெற்குக் கரையோரம் இருக்கும் சின்ன ஊர் இது. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். புறப்படும்போது −4 காட்டிய கார், 404 நெடுஞ்சாலை முடிந்து வயல்வெளிக்குள் திரும்பியதும் −13 காட்டியது. மூன்று பேருக்கு ஒரு அறை, இரவுக்கு 140 டொலர். சுவர் பழசு, ஆனால் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது. இந்தப் பயணத்துக்கு அதுதான் வேண்டும்.

அண்ணாவுக்கு ஐஸ் மீன்பிடி பல வருடப் பித்து. அவருடைய மகனையும் அந்தப் பித்து பிடித்துவிட்டது, பதினைந்து வயதுதான். எனக்குக் கோடையில் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு. குளிர்காலம் என்றால் பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிடத்திலேயே விரல்கள் மரத்துப்போகும். அதனால் இந்தப் பயணத்தில் மீனைவிட எனக்கு உடம்பைப் பற்றிய யோசனைதான் அதிகம். எப்படிச் சூடாக இருப்பது என்பதை ஒவ்வொரு நாளும் எழுதிவைக்கப் போகிறேன். என்னைப் போலக் குளிருக்குப் பயந்து வீட்டில் இருப்பவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

அறைக்குள் வந்ததும் அண்ணா எல்லா உடுப்புகளையும் கட்டிலில் பரப்பினார். மருமகனின் ஜீன்ஸும் பருத்தி ஹூடியும் முதலில் ஒதுக்கப்பட்டன. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, தோலோடு ஒட்டி நின்று, சூட்டை வெளியே இழுக்கும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூடு தரும். ஆகவே உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி, அதன் மேல் தடித்த ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத ஜக்கெட்டும் மார்பு வரை வரும் காற்சட்டையும்.

காலுக்கு ஒரே ஒரு தடித்த கம்பளி சொக்ஸ். "இரண்டு போட்டால் இன்னும் சூடுதானே மாமி?" என்று மருமகன் என்னிடம் கேட்டான். அண்ணா அவன் சப்பாத்தை மாட்டச் சொல்லி, உள்ளே விரல்களை ஆட்டிக் காட்டச் சொன்னார். இரண்டு சொக்ஸோடு விரல் அசையவில்லை. இறுகினால் இரத்தமும் ஓடாது, சூடு தங்குவதற்கு உள்ளே காற்றும் இருக்காது.

இதை எழுதும்போது கதவைத் தட்டிப் பழைய பத்திரிகைகளைக் கொடுத்துவிட்டுப் போனார் அந்தப் பெண்மணி. சப்பாத்தின் உள்ளுறையைக் கழற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, சப்பாத்துக்குள் இதைக் கசக்கித் திணிக்க வேண்டுமாம். கார் ஓட்டி வந்த வியர்வையே நாளைக்குக் காலை விறைக்க வைக்கப் போதும் என்றார்.

ஜனவரி 22: சிம்கோ, ஹட்டுக்குள்

விடியற்காலை −16. ஐஸ் ஹட் வாடகை ஆளுக்கு 65 டொலர். இரையும் ஹீட்டரும் அதற்குள் அடக்கம். கரையில் இருந்து எங்களை ஏற்றிப்போனது சங்கிலிப் பட்டையில் ஓடும் பழைய பொம்பார்டியர் வண்டி. ஜன்னல் வட்டமாக, கப்பலில் இருப்பது போல இருந்தது. உள்ளே பெட்ரோல் மணம், ஈரக் கம்பளி மணம், கோப்பி மணம். எதிரே இருந்தவர்கள் கேட்காமலே நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவர் என் வாளியைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஹட் என்பது மரத்தால் ஆன சின்ன அறை. வெளிச்சுவரில் பெரிய எழுத்தில் பதிவு இலக்கம். உள்ளே இரண்டு பக்கமும் வாங்கு, தரையில் துளைகள், மூலையில் புரொப்பேன் அடுப்பு. இங்கே ஐஸுக்குள் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். கீழே ஏறக்குறைய 25 மீற்றர் தண்ணீர். வைட்ஃபிஷ்ஷும் லேக் ட்ரௌட்டும் இந்த ஆழத்தில்தான் திரியும்.

கீழே எவ்வளவு குளிராக இருக்கும் என்று மருமகன் கேட்டான். எங்களுக்கு மேலே −16, கீழே பூச்சியத்துக்கு மேல். தண்ணீர் 4 பாகையில்தான் அதிகப் பாரமாக இருக்கும், அதனால் குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் அடியிலே தங்கிவிடும். ஐஸை ஒட்டி இருப்பதுதான் 0. ஐஸும் மேலே கிடக்கும் பனியும் சேர்ந்து மீனுக்குக் கூரை.

எனக்கு ஆச்சரியம் வேறு ஒன்றில் இருந்தது. ஹட்டுக்குள் முகம் வியர்த்தது, ஜக்கெட்டைக் கழற்றினேன், ஆனால் ஒரு மணித்தியாலத்தில் கால்விரல்கள் மரத்துப்போயின. சூடான காற்று கூரையில் நிற்கிறது. தரை வெறும் பலகை, அதன் கீழே ஐஸ், நடுவில் தண்ணீர் தெரியும் துளைகள். தலையில் கோடையும் காலில் மாரியுமாக ஒரே அறை. பக்கத்து ஹட்டில் இருந்தவர் இதைப் பார்த்துவிட்டுத் தன்னிடம் இருந்த தடித்த ரப்பர் நுரைப் பாய் ஒன்றைக் கொண்டுவந்து என் காலுக்குக் கீழே போட்டார். பேர் சொல்லவில்லை, நன்றிக்கும் நிற்கவில்லை. கால் மணித்தியாலத்தில் விரல்கள் திரும்பி வந்தன. ஜக்கெட்டுக்கு எவ்வளவோ செலவு செய்திருக்கிறேன். இன்று என்னைக் காப்பாற்றியது அந்தப் பாய்.

அண்ணாவுக்கு முதல் வைட்ஃபிஷ் பத்து மணிக்கு. வெள்ளி நிறம், சின்ன வாய். இழுக்கும்போது கையில் தெரிவது மிக மெல்லிய தட்டல்தான். மதியத்துக்குக் கிட்ட மருமகனுக்கு ஒரு லேக் ட்ரௌட். அது கடைசி நிமிடத்தில் துளைக்குள் தலையைக் காட்டிவிட்டு மூன்று முறை திரும்ப ஆழத்துக்கு ஓடியது. அவன் சத்தத்துக்குப் பக்கத்து ஹட்டில் இருந்து கைதட்டினார்கள்.

ஸ்காபரோவில் வாங்கிவந்த மீன் ரோல்ஸை ஈயத்தாளில் சுற்றி அடுப்பின் மேல் வைத்தோம். கொழுப்பும் மாவும் உறைப்பும், குளிரில் இதைவிடச் சிறந்த மதியச் சாப்பாடு எனக்குத் தெரியாது. பாய் தந்தவருக்கு இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பதிலுக்கு அவர் விஸ்கிப் போத்தலை நீட்டினார். அண்ணா மரியாதையாக மறுத்தார். குடித்தவுடன் சூடேறுவது போல இருப்பதற்குக் காரணம், தோலுக்குக் கீழே இருக்கும் இரத்தக் குழாய்கள் விரிவதுதான். உள்ளே இருந்த சூடு தோலுக்கு வந்து அப்படியே வெளியே போய்விடும். கரைக்குத் திரும்பிக் கதவைப் பூட்டிய பிறகு குடிப்பது வேறு கதை.

பெண்களுக்காக ஒரு விஷயம், யாரும் எழுதாததால் எழுதுகிறேன். குளிரில் அடிக்கடி சிறுநீர் வரும். தோலின் குழாய்கள் சுருங்கி இரத்தம் உள்ளே கூடுவதால் சிறுநீரகம் கூடுதலாக வேலை செய்கிறது. ஐஸ் மேல் இருந்த கழிப்பறைப் பெட்டிக்கு நடக்க ஐந்து நிமிடம், உடுப்பைக் கழற்ற இன்னும் ஐந்து நிமிடம். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்க மனம் சொல்லும். அப்படிச் செய்தால் களைப்பு வரும், குளிர் சீக்கிரம் ஏறும். பக்கவாட்டில் இடுப்பு வரை ஜிப் உள்ள காற்சட்டை வாங்குங்கள், தேநீரைக் குடியுங்கள்.

ஜனவரி 23: குக்ஸ் பே, திறந்த வெளியில்

இன்று ஹட் இல்லை. ஏரியின் தெற்கு முனையில், ஆழம் குறைந்த குக்ஸ் பே விரிகுடாவில், பேர்ச் மீனுக்கு நடந்து போனோம். இரைக்கு உயிரோடு மினோ என்ற சின்ன மீன்கள், ஒரு பை 7 டொலர். கடைக்காரர் பற்றுச்சீட்டைத் தொலைக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு வட்டாரத்தின் இரைமீனை இன்னொரு வட்டாரத்துக்குக் கொண்டுபோக இங்கே அனுமதி இல்லை. எங்கே வாங்கியது என்பதற்கு அந்தச் சீட்டுத்தான் சாட்சி.

வெப்பநிலை −15. காற்று வடமேற்கில் இருந்து மணிக்கு 30 கிலோமீற்றர். கனடாவின் காற்றுக்குளிர் கணக்குப்படி இது திறந்த முகத்துக்கு −26.

கரையில் இருந்து சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பியதும் நான் வேகமாக நடந்தேன், நடந்தால் சூடேறும் என்று. அண்ணா பின்னால் இருந்து கத்தினார்: "ஓடாதை! ஜக்கெட்டைத் திற. வேர்த்தால் முடிஞ்சுது." அவர் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்து, ஜக்கெட்டைத் திறந்துவிட்டு, −15இல் நெஞ்சுக்குக் காற்று வாங்கிக்கொண்டு நடந்தார். பார்க்கவே எனக்குக் குளிர்ந்தது. ஆனால் அவர் இடத்துக்குப் போனதும் உலர்ந்த உடம்போடு ஜக்கெட்டைப் பூட்டிக்கொண்டு இருந்தார். துளை போடும் ஓகரைச் சுற்றும்போதும் அப்படித்தான். வேலைக்கு முன்னால் கழற்று, வேலை முடிந்ததும் குளிர் தெரிவதற்கு முன்னாலேயே போடு. குளிர்ந்த பிறகு போட்டால் ஜக்கெட்டுக்குள் குளிரைத்தான் பூட்டி வைக்கிறோம்.

ஐஸ் 28 செ.மீ. நடப்பதற்குத் தெளிந்த நீல ஐஸ் 10 செ.மீ. இருந்தால் போதும் என்பது மாகாணத்தின் வழிகாட்டல். வெள்ளை ஐஸுக்குப் பாதி வலுத்தான், அதனால் இரண்டு மடங்கு தடிப்பு வேண்டும். அண்ணா நீண்ட இரும்புக் கம்பியால் முன்னால் குத்திக் குத்தித்தான் போனார். எங்கள் மூவர் கழுத்திலும் ஐஸ் ஊசிகள் தொங்கின. விழுந்தால் அவற்றை ஐஸில் குத்தி ஊர்ந்து ஏறலாம். அவை இல்லாமல் அவர் ஒரு அடி நடக்க விடமாட்டார். இதில் அவர் காட்டும் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

பேர்ச் நன்றாகக் கடித்தது. கூட்டமாக வரும், பத்து நிமிடம் கை ஓயாது, பிறகு அரை மணித்தியாலம் ஒன்றுமில்லை. துன்பம் அந்த அரை மணித்தியாலத்தில்தான். உடம்பு அசையாமல் இருக்கும்போது அது சூடு உண்டாக்குவதையும் குறைத்துவிடுகிறது. தூண்டிலின் வளையங்களில் ஐஸ் கட்டி நூல் ஓடாமல் நின்றது. முனையைத் தண்ணீரில் அமிழ்த்தினால் உருகும், எடுத்த கையோடு மறுபடி கட்டும்.

பதினொரு மணி போலக் காற்று ஓங்கி அடித்து மினோ வாளியைப் புரட்டிவிட்டது. அதைப் பிடிக்கப் போன மருமகனின் இரண்டு கையுறைகளும் தோய்ந்தன. மாற்றுக் கையுறை போடும்வரை மீனும் விடவில்லை, அவனும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் என்னிடம் வந்து சொன்னான்: "மாமி, இந்த விரலில ஒண்டும் தெரியேல்லை."

கையுறையைக் கழற்றினால் நடுவிரல் நுனி மெழுகு போல வெள்ளை. எனக்கு அடிவயிறு கலங்கியது. பனியை எடுத்துத் தேய்ப்பதைப் பற்றி எங்கோ கேட்ட ஞாபகம் வேறு. அதற்குள் பக்கத்துக் கூடாரத்தில் இருந்து ஒரு முதியவர் எழும்பி வந்தார். எழுபது தாண்டியிருக்கும், தாடி முழுக்க ஐஸ். கையைப் பார்த்தார். "தேய்க்க வேண்டாம். உள்ளே வா, அக்குளுக்குள் வை" என்று அவனைத் தன் கூடாரத்துக்குள் இருத்தினார். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் கையை அதன் பக்கம் நீட்ட விடவில்லை. மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துபோன பிறகுதான் தெரியும் என்றார்.

பத்து நிமிடத்தில் நிறம் திரும்பியது. திரும்பும்போது வலி வந்தது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான். வலித்தால் நல்லது என்று முதியவர் அவன் தோளைத் தட்டினார். பிறகு தன் பையில் இருந்து உள்ளே கம்பளி வைத்த பழைய தோல் மிற்றன்ஸ் ஒரு சோடியை எடுத்து அவன் மடியில் போட்டார். விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையில் ஒவ்வொரு விரலும் தனித்துக் குளிரும். மிற்றன்ஸுக்குள் நான்கும் ஒன்றையொன்று சூடாக்கும். வேலை செய்ய மெல்லிய கையுறை, மீன் வராத நேரம் அதன் மேல் இது. மீனைத் தொட்டதும் துவாயில் துடைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

கைச்சூட்டுப் பைகள் எங்களிடமும் இருந்தன. உள்ளே இருப்பது இரும்புத் தூள். உறையைப் பிரித்ததும் காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது வருவதுதான் அந்தச் சூடு. காற்று கிடைக்காத இடத்தில் அது அணைந்துவிடும். சப்பாத்துக்குள் கைக்கான பையைத் திணித்தால் அரை மணித்தியாலத்தில் சூடு போவது அதனால்தான். குறைந்த காற்றில் வேலை செய்யும்படி கால்விரலுக்கென்று தனியாக விற்கிறார்கள், சோடி 3 டொலர்.

மிற்றன்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். வீட்டில் இன்னும் இருக்கிறது என்று வாங்க மறுத்துவிட்டார். ஒரு மணிக்கே கரைக்குத் திரும்பிவிட்டோம். பேர்ச் இன்னும் கடித்துக்கொண்டுதான் இருந்தது. மருமகன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

ஜனவரி 24: நெடுஞ்சாலை 11

வடக்கே போகும் நாள். பாரி நகரைத் தாண்டியதும் ஜோர்ஜியன் விரிகுடாவில் இருந்து வரும் பனிப்பொழிவு ஒரு திரை போல விழுந்தது. ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது, பிறகு வெயில். பிறகு மறுபடியும் திரை. ஒரிலியாவில் தொடங்கி ஹன்ட்ஸ்வில் வரைக்கும் இதுதான் கதை.

ஹன்ட்ஸ்வில்லில் தெருவோரக் கடையில் மஞ்சள் பட்டாணி சூப், பெரிய கோப்பை 9 டொலர். மேலே உப்புப் போட்ட பன்றி இறைச்சித் துண்டுகள். பரிமாறிய பெண் மருமகனின் விரல் கொஞ்சம் சிவந்து வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கோப்பை சூப் கொண்டுவந்து வைத்தார். பணம் எடுக்கவில்லை. ஒருமுறை குளிர் கடித்த விரல் அடுத்த முறை சீக்கிரம் விறைக்கும், வீடு திரும்பும்வரை கவனம் என்று அவனிடம் சொன்னார். தாய் மாதிரிச் சொன்னார், அவனும் தலையாட்டினான்.

கலண்டர் ஊருக்கு வந்து சேர நாலு மணி. நிப்பிசிங் ஏரியின் கிழக்குக் கரை. 1934இல் இதன் அருகேதான் டியோன் குடும்பத்தின் ஐந்து பெண் குழந்தைகள் ஒரே பிரசவத்தில் பிறந்தார்கள். அவர்களை மாகாண அரசு பெற்றோரிடம் இருந்து எடுத்து வைத்துக் காட்சிப்பொருளாக்கிய கதையைக் காரிலேயே அண்ணா மகனுக்குச் சொன்னார். அவன் நெடுநேரம் பேசவில்லை.

மோட்டலில் அறை 115 டொலர். ஒவ்வொரு அறைக்கு முன்னாலும் ஒரு மின்பிளக். இன்ஜினைச் சூடாக வைக்கும் வயரை இரவில் அதில் செருகுகிறார்கள். எங்கள் காரில் அந்த வசதி இல்லை என்றதும் உரிமையாளர் பற்றறியைக் கழற்றி அறைக்குள் வைக்கச் சொன்னார். அண்ணா டோர்ச் வெளிச்சத்தில் கழற்றினார். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் பற்றறி, அதற்குப் பக்கத்தில் மூன்று சோடி சப்பாத்து உள்ளுறைகள்.

ஜனவரி 25: நிப்பிசிங்

காலை −27. கதவைத் திறந்ததும் மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து ஒட்டியது. நான் திரும்பிக் கட்டிலுக்கே போகத் தயாராக இருந்தேன்.

ஆனால் காற்று ஒரு இலை அசைய இல்லை. ஏரிக்கு இறங்கி அரை மணித்தியாலத்தில் எனக்கு விளங்கியது, நேற்று முன்தினத்தைவிட இது எவ்வளவோ இலகு. முகத்துக்கான கணக்கில் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றுதான், −26உம் −27உம். அந்தக் கணக்கு திறந்த தோலுக்கு மட்டும். காற்று செய்யும் பெரிய கெடுதல் உடுப்புக்குள்: நாம் கஷ்டப்பட்டு உண்டாக்கிச் சேர்த்துவைத்த சூடான காற்றைக் கழுத்து வழியாகவும் மணிக்கட்டு வழியாகவும் உருவிக்கொண்டு போய்விடுகிறது. அதோடு இன்று எல்லாம் காய்ந்திருந்தது. பனி தூள் தூளாக, உடுப்பில் விழுந்தாலும் தட்டிவிட்டால் போய்விடுகிறது. இனி வெப்பமானியைப் பார்த்துப் பயப்படமாட்டேன். காற்றின் வேகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

நிப்பிசிங் பெரிய ஏரி, ஆனால் ஆழமில்லை, சராசரி 4.5 மீற்றர்தான். ஐஸ் 40 செ.மீ.க்கு மேல். இன்று எங்களோடு இரண்டு பேர் இருக்கக்கூடிய துணிக் கூடாரமும் சின்ன புரொப்பேன் ஹீட்டரும் இருந்தன. மூவரும் நெருங்கி இருந்தோம். தரையில் நுரைப் பாய் விரித்தோம், ஜக்சன்ஸ் பொயின்றில் 20 டொலருக்கு வாங்கியது. வாளியின் மேல் உட்காரும் இடத்துக்கும் அதில் ஒரு துண்டை வெட்டினோம். காலும் உட்காரும் இடமும் ஐஸைத் தொடாவிட்டால் பாதிக் குளிர் இல்லை.

சூடு காக்கும் போத்தலில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டுத் தேநீர் நிரப்பியிருந்தோம். மத்தியானமும் வாய் சுட்டது. ஒவ்வொரு மணித்தியாலமும் ஏதாவது தின்றோம். கச்சான், சீஸ், பேரீச்சம்பழம். பசி வரும்வரை பொறுக்கவில்லை.

ஐஸின் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரவுக் குளிரில் சுருங்கிய ஐஸ் வெயில் பட்டதும் நெளிந்து வெடிக்கும். தூரத்தில் தொடங்கி எங்கள் காலுக்குக் கீழாக ஓடி மறுகரைக்குப் போகும் ஒரு உறுமல். முதல் தடவை நான் அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். தடித்த ஐஸும் இப்படிப் பேசும், பயப்படாதே என்றார். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தச் சத்தத்துக்காகவே திரும்பவும் வருவேன்.

மூன்று மணிக்கு மெல்லக் காற்று எழும்பியது. மருமகன் வெளியே போய்க் கூடாரத்தின் ஓரம் முழுக்கப் பனியை அள்ளி அடைத்தான். உள்ளே நன்றாகச் சூடேறியது. மேலே இருந்த காற்றுத் துவாரமும் மூச்சின் ஈரம் உறைந்து மூடியிருந்தது, அது எங்கள் கண்ணில் படவில்லை. சற்று நேரத்தில் கூரையில் தொங்கிய கார்பன் மொனொக்சைட் அலாரம் அலறத் தொடங்கியது. ஹீட்டரை அணைத்து, ஜிப்பைத் திறந்து, மூவரும் வெளியே பாய்ந்தோம். எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை, ஒரு மயக்கமும் இல்லை. அதுதான் அந்த வாயுவின் கொடுமை. அந்த அலாரம் 35 டொலர். கூடாரத்துக்குள் எதையாவது எரிப்பவர்கள் அது இல்லாமல் போகவே கூடாது. கீழே ஒரு பக்கமும் மேலே ஒரு பக்கமும் காற்றுக்கு வழி திறந்தே இருக்க வேண்டும், எவ்வளவு குளிர்ந்தாலும். மிச்ச நேரம் அப்படித்தான் இருந்தோம். சூடு குறைந்தது, ஆனால் ஒருவரும் முறையிடவில்லை.

பிக்கரல் மீன் பொழுது சாயும்போதுதான் வரும். மங்கிய வெளிச்சத்தில் பார்க்கக்கூடிய கண் அதற்கு. நாலரைக்கு என் தூண்டில் பாரமாகியது. கடித்தது போலவே இல்லை, யாரோ நூலில் ஈரத்துணியைத் தொங்கவிட்டது போல. தூக்கினேன். அதன் பிறகுதான் தலையை ஆட்டியது. மிற்றன்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் இழுத்தேன், குளிர் ஞாபகமே வரவில்லை. பொன்னிற வயிறு, கண்ணாடி போல ஒளிரும் கண். அளந்தால் 43 செ.மீ. இந்த ஏரியில் 46க்குக் குறைந்த பிக்கரலை வைத்திருக்கக் கூடாது. தண்ணீரை விட்டு நீண்ட நேரம் வெளியே வைத்தால் இந்தக் குளிரில் செவுளும் கண்ணும் உறைந்துவிடும். ஆகவே படம் எடுக்காமல் உடனே துளைக்குள் விட்டேன். வாலை ஒரு முறை ஆட்டிவிட்டுப் போனது.

அண்ணாவுக்கு 51 செ.மீ. ஒன்று. அது எங்களோடு வந்தது.

ஜனவரி 26: திரும்பும் வழி

காரின் கதவுகள் உறைந்து திறக்கவில்லை. மோட்டல் உரிமையாளர் பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் ஓரங்களை மெல்லச் சுரண்டிக் கொடுத்தார். வெந்நீர் ஊற்றப் போன பக்கத்து அறைக்காரரைக் கையைப் பிடித்துத் தடுத்தும் விட்டார். அந்த நீர் அங்கேயே உறைந்து இன்னும் இறுகும், கண்ணாடியும் வெடிக்கும். பற்றறியைப் பூட்டியதும் கார் முதல் தடவையிலேயே எழும்பியது.

நோர்த் பேக்குத் தெற்கே −22, ஹன்ட்ஸ்வில்லில் −14, பாரியில் −6. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு உடுப்பு குறைந்தது. அந்தச் சூப் கடைக்கு மறுபடி போனோம். இம்முறை மூன்று கோப்பைக்கும் பணத்தை முன்கூட்டியே கொடுத்தார் அண்ணா. மருமகன் விரலைக் காட்டினான், தோல் லேசாக உரிந்திருந்தது, உணர்ச்சி முழுக்க இருந்தது. அந்தப் பெண் பார்த்துத் திருப்திப்பட்டார்.

ஸ்காபரோவில் அண்ணி வாசலிலேயே எல்லா உடுப்பையும் வாங்கிக் கயிற்றில் போட்டார். உள்ளுறைகள், மிற்றன்ஸ், கூடாரத் துணி எல்லாம் இரண்டு நாள் காய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஓகரின் அலகைத் தீட்டக் கொடுக்க வேண்டும். பேர்ச் இரவே பொரித்தாயிற்று, உப்பும் மிளகும் மட்டும். பிக்கரல் நாளைக்கு. பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதியில் கனடாவில் வசிப்பவர்கள் ஒன்ராறியோவில் உரிமப் பத்திரம் இல்லாமலே மீன் பிடிக்கலாம். என் தோழிகள் இரண்டு பேரை அப்போது சிம்கோவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். நுரைப் பாய் இன்னும் இரண்டு வாங்க வேண்டும், மிற்றன்ஸ் அவர்களுக்கு நான் தேடிக் கொடுக்கிறேன்.